அப்பாவின் கடனும் மஞ்சள் கடிதமும்

அப்பாவின் காரியம் முடியுமுன்பே கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். பயந்துபோன மகன் புதுப் புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறார். அத்துடன் அப்பாவின் கடன் அவருடைய சொந்தக் கடனாகிவிடுகிறது.

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 50, 52ஆம் பிரிவுகளின்படி, இறந்தவரிடமிருந்து கைக்கு வந்த சொத்தின் அளவுக்கே வாரிசு பொறுப்பு. வந்த சொத்து 2 லட்சம், கடன் 5 லட்சம் என்றால், மீதி 3 லட்சத்துக்காக மகனின் சொந்தச் சம்பாத்தியத்தைத் தொட முடியாது. அவரே ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் தப்ப முடியாது.

உயிரோடிருப்பவர் கடனைக் கட்ட வழியில்லாமல் நீதிமன்றத்தில் கொடுக்கும் திவால் மனுவைத்தான் ஊரில் 'மஞ்சள் கடிதம்' என்கிறார்கள். இது 1920ஆம் ஆண்டுச் சட்டம். திவாலானவர் என்று அறிவித்தால், சொத்து நீதிமன்றத்தின் அல்லது ரிசீவரின் பொறுப்புக்குப் போகும்; அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுவார்கள். அதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் நிலத்தை மைத்துனர் பெயருக்குச் சும்மா எழுதி வைத்திருந்தால், அது ரத்தாகலாம். அடமானக் கடனும் இதனால் தீராது.

சாதாரணக் கைமாற்றுக் கடனுக்காக விவசாயி குடியிருக்கும் வீடு, பயிர்த்தொழிலுக்கு வேண்டிய கருவி, மாடு, விதை தானியம் இவற்றை ஜப்தி செய்ய 60ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

கையெழுத்துக்கு முன் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்பது நல்லது. பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம்.