முதலிற் சிறை, பின்பு பள்ளி

விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்திலே, திருடிப் பிடிபட்ட சிறுவர் முதிர்ந்த கள்வரோடு சிறையில் அடைக்கப்படுவதுண்டு. அவர்களுக்கு வேண்டுவது சிறையன்று, பள்ளியே எனக் கண்ட மேரி கார்ப்பெண்டர் அம்மையார், 1852ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகருக்கு அண்மையிலே கிங்ஸ்வுட்டில் சீர்திருத்தப் பள்ளியொன்றை நிறுவினார்.

1854ஆம் ஆண்டுச் சட்டம், 16 வயதுக்குட்பட்ட குற்றவாளிகளை 2 முதல் 5 ஆண்டுவரை இத்தகைய பள்ளிகளில் வைத்திருக்க இடமளித்தது. ஆயினும், குறைந்தது 14 நாட்கள் சிறையிலிருந்த பின்னரே பள்ளி வாயில் திறக்கும் என்றும் விதித்தது. பிஞ்சு மனத்திற் சிறை பதிக்கும் வடுவை அறிந்த அம்மையார் இதனை எதிர்த்தார். 1877இல் அவர் மறைந்தார்; அவ்விதி முற்றாக நீங்கியதோ 1899இலேதான்.

பிழை செய்த மாணவனை முன்னே நிறுத்தி, தண்டிப்பதா, அருகழைத்துக் கேட்பதா எனத் தயங்கும் ஆசிரியராகிய நாம், அந்தப் பதினான்கு நாட்களை நினைத்துப் பார்த்தல் நன்று.