பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் போதுமா?

2006 ஜனவரி 2 மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே 5 தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளை மறக்காத பெற்றோருக்கு, பொழுதுபட்டபின் பிள்ளை வீட்டில் இருப்பதே ஆறுதல். கையில் போன் இருந்தாலும் "கண்முன்னேதானே இருக்கிறான்" என்று விட்டுவிடுகிறோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபின் வகுப்பும் அதே போனுக்குள் வந்தது.

ஆனால் படிப்புக்கும் உணர்வுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நம்பிக்கை, பெருமிதம், பதற்றம், வெட்கம், சலிப்பு ஆகியவற்றைக் 'கல்விசார் உணர்வுகள்' என்கிறார் ஜெர்மன் உளவியலாளர் ரைன்ஹார்ட் பெக்ருன். கணக்கு விளங்காவிட்டால் சலிப்பு வருகிறது. பிள்ளை டிக்டொக்கைத் திறக்கிறது. சலிப்பு போய்விடும், கணக்கு அப்படியே கிடக்கும். மறுநாள் அது பயமாக வளர்கிறது. பயத்தை மறக்க மீண்டும் போன்.

சிந்தனையும் சிதறுகிறது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், போனை மேசையில் கவிழ்த்து வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்களே சோதனைகளைச் சிறப்பாகச் செய்தார்கள்.

ஆகவே படிக்கும் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். அதைப் பறிப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "எந்தப் பாடம் உனக்குப் பயமாக இருக்கிறது?"