பகல் வெளிச்சத்தில் காட்டுச் சிற்றாந்தை

1884-க்குப் பிறகு 1997 வரை இந்தப் பறவையை யாரும் பார்த்ததற்கு நம்பத்தக்க சான்று இருக்கவில்லை. 1914-ல் குஜராத்தில் சுட்டதாகப் பறவை சேகரிப்பாளர் ரிச்சர்ட் மைனர்ட்சாகன் காட்டிய பாடம் செய்த உடல், அருங்காட்சியகத்தில் திருடிப் புதிதாக அடைத்துத் தைத்தது என்பதைப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசன் கண்டுபிடித்தார். அந்தப் பொய்யான இடக்குறிப்பு அத்தனை காலம் தேடலைத் திசைதிருப்பியிருந்தது. உண்மையான பழைய குறிப்புகளைப் பின்பற்றி, பென் கிங், டேவிட் அபாட் ஆகியோருடன் அவர் புறப்பட்டார்.

1997 நவம்பர் 25, காலை. மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே, சாத்புரா அடிவாரத்தில் இலையற்ற ஒரு மரத்தில் அது உட்கார்ந்திருந்தது. பகலிலும் இரைதேடும் ஆந்தை என்பது பெரும்பேறு: நல்ல வெளிச்சத்திலேயே வீடியோவும் படங்களும் கிடைத்தன. ஐயத்துக்கு இடமில்லாத முதல் படங்கள் அவை.

உச்சந்தலையைப் பாருங்கள். ஊர்ப்புறத்துப் புள்ளி ஆந்தைக்கு அங்கே வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். இதற்கு அவை ஏறக்குறைய இல்லை. கால்களோ தடித்து, வெண்ணிற இறகு போர்த்தவை.

இன்றும் இது அழியும் ஆபத்திலுள்ள இனம். படமெடுப்பவர்கள் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு இதை வரவழைக்க வேண்டாம். கூட்டுப் பொந்தை நெருங்கவும் வேண்டாம்.