தூக்கு உறுதியான பிறகும் ஒரு மனு

கியா பார்மில் வார இறுதிகளில் படிவம் 5 மாணவர்களுக்கு வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். நான் சட்டம் படிப்பவன் என்பதால் பாடத்துக்கு வெளியேயும் கேள்விகள் வரும். "அண்ணா, கூட்டரசு நீதிமன்றமே தூக்கு என்று சொல்லிவிட்டால் அப்புறம் எங்கே போவது?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

2023 வரை அதற்குப் பதில் பெரும்பாலும் கருணை மனுதான். உயர்நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம் என மூன்று படிகளையும் ஏறி முடித்தவருக்கு அதுதான் மிச்சம். பகாங்கில் நடந்த குற்றமென்றால் பகாங் சுல்தானிடம் போகும்; கோலாலம்பூர் என்றால் மாமன்னரிடம்.

2023 ஏப்ரலில் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஜூலை 4இல் அமலுக்கு வந்த முதல் சட்டம் கட்டாய மரண தண்டனையை ஒழித்தது. தூக்கா சிறையா என்பதை இனி நீதிபதி முடிவு செய்யலாம். ஆனால் பழைய சட்டத்தில் தண்டனை பெற்று, எல்லா மேல்முறையீடும் முடிந்து உள்ளே இருப்பவர்கள்? அவர்களுக்காகத்தான் செப்டம்பர் 12இல் இரண்டாவது சட்டம் வந்தது. 90 நாளுக்குள் மனு செய்தவர்களின் தண்டனையை மட்டும் கூட்டரசு நீதிமன்றம் மீண்டும் பார்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இதற்குத் தகுதி பெற்றிருந்தனர். நவம்பர் 14இல் விசாரணை தொடங்கியது.

'தண்டனையை மட்டும்' என்பதைக் கவனியுங்கள். "நான் செய்யவில்லை" என்று அங்கே வாதிட முடியவில்லை. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நின்றது. வயது, சிறையில் நடத்தை, மனம் வருந்துவது போன்றவற்றை வழக்கறிஞர் எடுத்துச் சொல்ல முடிந்தது. கொலை வழக்கென்றால் இறந்தவரின் குடும்பத்தாரின் குரலும் கேட்கப்பட்டது. அது நியாயம்தான் என்பேன்.

பெரும்பாலோருக்குத் தூக்கு சிறைத்தண்டனையாக மாறியது; சிலருக்கு மாறவில்லை. மாறினால் 30 முதல் 40 ஆண்டு. இங்கே ஒரு கணக்குப் போடுங்கள். 2003இல் பிடிபட்ட ஒருவருக்குக் கைதான நாளிலிருந்து 30 ஆண்டு என்றால் 2033. நன்னடத்தைக்காக மூன்றில் ஒரு பங்கு கழியும், அப்போது 2023! கயிற்றை எதிர்பார்த்துக் கிடந்தவர் வீட்டுக்குப் புறப்படும் ஆண்டு அது.

எனக்கு ஒரு குறை உண்டு. 30 ஆண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு இடமில்லை. மூளையாக இருந்தவனுக்கும், கூலிக்குப் பையைச் சுமந்த 19 வயதுப் பையனுக்கும் அடிமட்டம் ஒன்றே. 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்குக் குறைந்தது 12 பிரம்படியும் உண்டு.

பையைச் சுமப்பது பற்றி அந்த வகுப்பில் இன்னொரு கேள்வியும் வந்தது: எவ்வளவு இருந்தால் கடத்தல்? கஞ்சா 200 கிராம், ஒரு சிறிய தேயிலைப் பொட்டலத்தின் எடை. ஹெராயின் 15 கிராம்தான். அந்த அளவு கையில் இருந்தாலே கடத்தியதாகச் சட்டம் ஊகிக்கும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு பிடிபட்டவருடையது.