ரெண்டே வரியில சொல்லுங்க சார்!

அனுமந்தன்பட்டி ஸ்டாப்பில் நின்று பஸ் போர்டைப் பார்த்திருக்கிறீர்களா? 'கம்பம் - தேனி'. அவ்வளவுதான். 'இயற்கை எழில் கொஞ்சும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் தவழ்ந்து செல்லும்...' என்று எழுதியிருந்தால்? நாம் படித்து முடிப்பதற்குள் பஸ் உத்தமபாளையம் போய்ச் சேர்ந்திருக்கும்!

இன்டர்நெட்டிலும் இப்படி ஒரு போர்டு உண்டு. கூகுளில் எதையாவது தேடினால் வரிசையாகத் தலைப்புகள் வருகின்றன அல்லவா? ஒவ்வொன்றின் கீழும் சின்ன எழுத்தில் இரண்டு வரி. அதற்காக நாம் எழுதிக் கொடுப்பதற்கு 'மெட்டா டிஸ்க்ரிப்ஷன்' என்று பெயர். ஆள் நம் கடைக்குள் வருவதும், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுவதும் பல சமயம் அந்த இரண்டு வரியால்தான்.

அனுமந்தன்பட்டியில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவருக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த உற்சாகத்தில், நேரடி விற்பனைக்கு வெப்சைட் ஆரம்பித்தார். பன்னீர் பழம் காத்திருக்கிற ஜாதி இல்லை. பறித்த கையோடு விற்றாக வேண்டும். இல்லாவிட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை.

"எட்டு மாசமாச்சு தம்பி. ஒரு போன்கூட வரலை!" என்றார்.

தேடிப் பார்த்தேன். 'முல்லைப் பெரியாறு பாயும் எழில்மிகு கம்பம் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறைகளாக விவசாயத்தையே உயிர்மூச்சாகக் கொண்டு...' அதோடு மூன்று புள்ளி! பழம், டெலிவரி எல்லாம் புள்ளிக்கு அந்தப் பக்கம். கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா, பெரியப்பா பேரையெல்லாம் போட்டுவிட்டு முகூர்த்தத் தேதியை விட்ட கதை!

"அப்ப எத்தனை எழுத்து எழுதணும்?"

160 என்று ஒரு வாய்க்கணக்கு உண்டு. ஆனால், கூகுள் அப்படி எந்த வரம்பும் வைக்கவில்லை. திரையின் அகலத்தைப் பார்த்து வெட்டும். 2017 டிசம்பரில் திடீரென்று தாராள மனசு வந்து 300 எழுத்துவரை காட்டியது. பலர் உட்கார்ந்து நீட்டி எழுதினார்கள். 2018 மே மாதம் பழையபடி கத்தரி!

தமிழில் கூடுதலாக ஒரு வம்பு. பி.காம். படித்த எனக்கே இந்தக் கணக்கு டேலி ஆகவில்லை. 'திராட்சை' நமக்கு 4 எழுத்து, கம்ப்யூட்டருக்கு 8! கால், கொக்கி, புள்ளியையெல்லாம் தனித்தனியாக எண்ணுகிறது. 'அனுமந்தன்பட்டி' நமக்கு 9, அதற்கு 14. ஆகவே எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் போனிலேயே தேடி, எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள்.

முதல் வரியிலேயே சரக்கு இருக்கட்டும்: என்ன, எங்கே, எப்படி வாங்குவது. அதற்காக 'திராட்சை கிடைக்கும்' என்று மொட்டையாகவும் விடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனியாக எழுதுங்கள். நாம் எழுதியதை ஒதுக்கிவிட்டு, பக்கத்துக்குள்ளிருந்து வேறு வரியை கூகுள் எடுத்துப் போடுவதும் உண்டு. அதனால் உள்ளேயும் விஷயம் பளிச்சென்று இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு மனசு வரவில்லை. "தாத்தா காலத்துத் தோட்டம்னு சொல்ல வேண்டாமா தம்பி?"

"கவாத்து பண்ணாம கொடியை விட்டா என்னாகும்ணே?"

"தழைதான் இருக்கும். காய் பிடிக்காது" என்றவர், சிரித்துவிட்டார்.

அவரே எழுதினார்: 'பன்னீர் திராட்சை, அனுமந்தன்பட்டி தோட்டத்திலிருந்து நேரடியாக. இன்று போன் செய்தால் நாளை பறித்துத் தருவோம்.' தாத்தா இப்போது 'எங்களைப் பற்றி' பக்கத்தில் போட்டோவோடு சௌகரியமாக இருக்கிறார்.

மாற்றியதும் மறுநாளே தெரியாது. கூகுள் மறுபடி வந்து பார்க்கச் சில நாள் ஆகும்; வாரக்கணக்கிலும் ஆகலாம். மூன்றாவது வாரம் முதல் போன் வந்தது. "கிலோ என்ன விலைங்க?"

விலையையும் போட்டிருக்கலாமே என்கிறீர்களா? திராட்சை விலை தினம் மாறும் சார். அதுவுமில்லாமல், போர்டின் வேலை ஆளை பஸ்ஸில் ஏற்றுவதுதான். டிக்கெட் விலையை கண்டக்டர் சொல்லிக்கொள்வார்!