வலுவிழந்த புயல் ஓய்ந்த புயல் அல்ல

2021 செப்டம்பர் 26 அன்று ஆந்திராவின் கலிங்கப்பட்டினம் அருகே ‘குலாப்’ புயல் கரை கடந்து, உள்நாட்டில் படிப்படியாக வலுவிழந்தது. அதன் எச்சமோ தெலங்கானா, மகாராஷ்டிரம் வழியாக நகர்ந்து, குஜராத்தை ஒட்டி அரபிக்கடலில் இறங்கியது. அக்டோபர் 1-ல் ‘ஷாஹீன்’ என்ற புதிய புயலாக எழுந்து, 3-ம் தேதி ஓமனைத் தாக்கியது.

புயலை வளர்ப்பது கடலின் வெப்பம். சுமார் 26.5 டிகிரிக்கு மேல் சூடான நீரிலிருந்து எழும் ஈரப்பதம்தான் அதற்குத் தீனி. தரையேறினால் தீனி குறையும். மலையும் மரமும் உரசிக் கீழ்க்காற்றின் வேகம் தணியும். சில கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் காற்று மட்டும் அவ்வளவு சீக்கிரம் கலையாது. அது மறுபடி வெதுவெதுப்பான கடலுக்கு வந்து, மேலடுக்குக் காற்றும் குறுக்கே அறுக்காமல் இருந்தால், அதன் அடியில் புதிய தாழ்வுப் பகுதி பிறந்துவிடும்.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த ‘கஜா’, டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையையும் தாண்டி அரபிக்கடலில் மீண்டும் சற்றே வலுத்தது. வலுவில் ‘தாழ்வு மண்டலம்’ என்ற நிலைக்குக் கீழே இறங்காததால் அதன் பெயர் மாறவில்லை. குலாப் அதற்கும் கீழே போய் எழுந்ததால் புதுப்பெயர் கிடைத்தது.

இரு கடலுக்கும் நடுவில் வாழும் குமரி மாவட்டத்துக்கு, எச்சம் இப்படி மறுபடி எழுவது தூரத்துச் செய்தி அல்ல. ‘ஒக்கி’ எந்தப் புயலின் எச்சமும் அல்ல; ஆனால் பெயரில்லாத தாழ்வு எவ்வளவு வேகமாக வளரும் என்பதை அது இங்கே காட்டியது. 2017 நவம்பர் 28-ல் இலங்கைக்குத் தெற்கே வெறும் தாழ்வுப் பகுதி. 30-ம் தேதி காலையில் குமரிக்கடலில் புயல். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டு அவர்கள் கண்ணுக்கு எட்டாது. பலர் வீடு திரும்பவே இல்லை.

தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு இன்றைய வானிலை மட்டும் போதாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வியாழன்தோறும் அடுத்த இரண்டு வாரங்களுக்கான புயல் வாய்ப்பை வெளியிடுகிறது. அது எளிய தமிழில் தேங்காய்ப்பட்டினம், குளச்சல், சின்னமுட்டம் துறைமுகங்களுக்கும், கடற்கரை ஊர்களின் கோயில் ஒலிபெருக்கிக்கும், கடலில் நிற்கும் படகுக்கும் போய்ச் சேர வேண்டும். ‘வலுவிழந்தது’ என்று அறிவிக்கும்போதே, எச்சம் எந்தத் திசையில் போகிறது, எந்தக் கடலில் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படகை இறக்குவதா, நிறுத்துவதா என்று முடிவெடுக்க மீனவருக்கு வேண்டிய தகவல் அதுதான்.