புகார் கொடுத்தால் விசா என்னாகும்?

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரியில், அல்வாலுக்குச் சற்று முன்னால் வருகிறது லோத்குண்டா. பக்கத்திலேயே கன்டோன்மென்ட்டின் ராணுவ நிலம். சாலையை ஒட்டி அடுக்குமாடி வீடுகள், கடைகள், ‘டூ லெட்’ பலகைகள். ஹைதராபாத்துக்குப் படிக்க வந்த வெளிநாட்டு மாணவர் ஒருவர் இங்கே அறை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சூடான், யேமன், சோமாலியா, நைஜீரியா என எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். அவருக்கு இரண்டு கவலைகள் உண்டு. இரவில் தெருவில் நாலு பேர் சூழ்ந்து அடித்தால் யாரிடம் போவது? காகிதத்தில் ஏதோ குறை என்று சொல்லி ஒருவர் பணம் கேட்டால் என்ன செய்வது?

“போலீஸில் சொல்லுங்கள்” என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். அவர் தயங்குவது அந்த இடத்தில்தான். தான் இந்த நாட்டில் தொடர்ந்து இருக்கலாமா கூடாதா என்பதற்கான விசாரணைக்கு வருவதும் அதே ஸ்டேஷன் ஆட்கள்தான் என்று அவருக்குத் தெரியும். பாதுகாப்பு பற்றிய குமுறலும் லஞ்சம் பற்றிய குமுறலும் அவருக்குத் தனித்தனிப் பிரச்சினைகளாக இல்லை. இரண்டுக்கும் வேர் இந்தத் தயக்கம். இந்தியச் சட்டம் அவருக்கு எவ்வளவு துணை நிற்கிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்ப்போம்.

வாடகை வீட்டில் தொடங்கும் சிக்கல்

வெளிநாட்டவர் ஒருவரைத் தங்கவைக்கும் ஹோட்டலும் வீட்டு உரிமையாளரும் 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ‘ஃபார்ம் சி’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2018 முதல் இந்த வேலைகளில் பெரும்பகுதி ‘இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ.’ தளத்தின் வழியாகவே நடக்கிறது. நேரில் போய் வரிசையில் நிற்பது குறைந்தது நல்ல மாற்றம். முகம் பார்க்காமல் விண்ணப்பம் நகரும்போது கை நீட்டும் வாய்ப்பும் குறையும்.

ஆனால் விசா நீட்டிப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். அதற்கு ஃபார்ம் சி வேண்டும், அல்லது வாடகை ஒப்பந்தம் வேண்டும். பல வீட்டு உரிமையாளர்கள் இரண்டையும் தவிர்க்கப் பார்க்கிறார்கள். வருமானம் கணக்கில் வந்துவிடும் என்று சிலர், போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்துவிடும் என்று சிலர். வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் வாங்கி வீட்டைக் கொடுத்துவிடுகிறார்கள், வெளிநாட்டவர் என்பதால் வாடகையைக் கூட்டியும் கேட்கிறார்கள். ஒப்பந்தம் இல்லாததால் நீட்டிப்பு தள்ளிப்போகிறது. நீட்டிப்பு தள்ளிப்போனால் விசா காலாவதியாகிறது. இதில் மாணவர் செய்த தவறு எதுவுமில்லை. ஆனாலும் சட்டத்தின் முன் நிற்கப்போவது அவர்தான்.

2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 1920, 1939, 1946, 2000 ஆகிய ஆண்டுகளின் நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டு வந்தது. விசா காலம் முடிந்தும் தங்கினாலோ, விசாவின் நிபந்தனையை மீறினாலோ மூன்று ஆண்டு வரை சிறை, மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம். மாணவர் விசாவில் வேலை பார்ப்பதும் நிபந்தனை மீறல்தான். சூடானில் 2023 ஏப்ரலில் போர் வெடித்தது. யேமனில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சண்டை. இந்த நாடுகளின் மாணவர்களுக்கு வீட்டிலிருந்து வரும் பணம் நின்றுபோனால், திரும்பிப் போகவும் வழியில்லாமல், இங்கே கைச்செலவுக்கு ஏதாவது வேலை பார்ப்பதைத் தவிர என்ன செய்வார்கள்? 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால், அகதி என்று சொல்லி ஒதுங்க சட்டப்படியான இடமும் இல்லை.

லஞ்சம் கேட்பவருக்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டார். மிரட்டக்கூட வேண்டியதில்லை. “விசா எப்போது முடிகிறது?” என்று ஒரு கேள்வி போதும். ஹைதராபாத் வட்டாரத்தில் போலீஸார் குடியிருப்புகளைச் சுற்றி வளைத்து வீடு வீடாகக் காகிதம் கேட்கும் ‘கார்டன் அண்ட் சர்ச்’ சோதனைகள் பல ஆண்டுகளாக நடந்துவருகின்றன. போதைப்பொருள் வழக்குகளில் சில வெளிநாட்டவர் பிடிபட்டதும் உண்மை. குற்றம் செய்தவரைச் சட்டப்படி பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். ஆனால் ஒரு நாட்டவர் என்பதையே சந்தேகத்துக்குக் காரணமாக்கினால், ஒழுங்காகக் காகிதம் வைத்திருப்பவரும் கதவைத் தட்டும் சத்தத்துக்கு நடுங்க வேண்டியதாகிறது. அவர் நாளைக்குத் தானாக ஸ்டேஷன் படி ஏறுவாரா?

அடிபட்டவரிடமே கேள்வி

2016 ஜனவரி 31 அன்று பெங்களூரு ஹெசரகட்டா பகுதியில் சூடான் மாணவர் ஒருவரின் கார் மோதி ஒரு பெண் இறந்தார். சற்று நேரம் கழித்து, அந்த விபத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத தான்சானியா மாணவி நண்பர்களோடு அந்த வழியாக வந்தார். கும்பல் அவர்களை இழுத்துப் போட்டு அடித்தது, காரை எரித்தது. தோலின் நிறம் ஒன்றுதான் அந்த இரண்டு கார்களிலும் வந்தவர்களுக்குப் பொதுவாக இருந்தது. புகார் கொடுக்கப் போனபோது போலீஸ் முதலில் தட்டிக்கழித்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ் தலையிட்டார், கைதுகள் நடந்தன, போலீஸார் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். விஷயம் டெல்லிவரை போன பிறகு நடந்தவை இவை.

அதே ஆண்டு மே மாதம் டெல்லி வசந்த் குஞ்சில் காங்கோ நாட்டவர் ஒருவர், ஆட்டோ பிடிப்பது பற்றிய தகராறில் அடித்துக் கொல்லப்பட்டார். சில நாட்களில் ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸில் பார்க்கிங் தகராறில் நைஜீரிய மாணவர் ஒருவர் இரும்புக் கம்பியால் தாக்கப்பட்டார். ஆட்டோவும் பார்க்கிங்கும் நம் ஊர்களில் தினமும் நடக்கும் வாய்ச்சண்டைக்கான காரணங்கள். எதிரில் நிற்பவர் ஆப்பிரிக்கர் என்றால் அது இரும்புக் கம்பிவரை போய்விடுகிறது.

2017-இல் நடந்த இரண்டு சம்பவங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாகாணம் ஒலேத்தில், ஹைதராபாத் குடும்பத்தைச் சேர்ந்த இன்ஜினீயர் ஒருவர், “என் நாட்டைவிட்டுப் போ” என்று கத்தியவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹைதராபாத்தே கலங்கியது. பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிய ஒவ்வொரு வீடும் அன்று தூங்கியிருக்காது. மார்ச் 27 அன்று, ஐந்து வாரத்துக்குள், கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவரின் மரணத்தை வைத்துக் கிளம்பிய வதந்தியால், கும்பல்கள் நைஜீரிய மாணவர்களைத் தேடித் தேடி அடித்தன. ஷாப்பிங் மாலுக்குள் வைத்து அடித்த வீடியோவை நாடே பார்த்தது. இவை இனவெறித் தாக்குதல்கள் என்று டெல்லியில் உள்ள ஆப்பிரிக்கத் தூதர்கள் கூட்டாக அறிக்கை விட்டார்கள். இந்திய அரசு அந்த வார்த்தையை ஏற்க மறுத்தது. ஒலேத்தில் சுட்டவர்மீது அமெரிக்க மத்திய அரசு வெறுப்புக் குற்ற வழக்கும் தொடுத்து, 2018-இல் ஆயுள் தண்டனை வாங்கித் தந்தது. அங்கே நம் பிள்ளைக்கு எதைக் கேட்டோமோ அதை இங்கே வந்த பிள்ளைக்குத் தர நமக்கு மனம் வரவில்லை. எனக்கு இதைவிட வெட்கம் தரும் ஒப்பீடு வேறில்லை.

சட்டத்தில் ஒரு முன்னேற்றம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 103(2) பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ சேர்ந்து இனம், பிறந்த இடம், மொழி போன்ற காரணத்துக்காகக் கொலை செய்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்கிறது. அதே காரணத்துக்காகக் கும்பலாகக் கொடுங்காயம் ஏற்படுத்தினால், 117(4) பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவர்மீதான கும்பல் தாக்குதலுக்கும் இந்தப் பிரிவுகள் பொருந்தும். ஆனால் அடித்தவர் ஒருவரோ இருவரோ என்றால் இவை உதவாது. நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதற்கும் தனிப் பிரிவு இல்லை.

சட்டம் எதைத் தருகிறது, எதை மறுக்கிறது?

அரசியலமைப்பின் 14, 21 ஆகிய பிரிவுகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சட்டத்தின் முன் சமத்துவமும் உயிருக்கும் உடலுக்குமான பாதுகாப்பும் இந்த மண்ணில் நிற்கும் எல்லோருக்கும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தில் குடியேறிய சக்மா அகதிகளின் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஹவுரா ரயில் நிலையத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வங்கதேசப் பெண்ணுக்கு ரயில்வே 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதை 2000-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்நிய நாட்டவருக்கு நாங்கள் ஏன் தர வேண்டும் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

தங்கும் உரிமை மட்டும் வெளிநாட்டவருக்கு இல்லை. லூயி டி ரேட் என்ற பெல்ஜியப் பாதிரியார் 1937-இல் இந்தியா வந்தவர். ஐம்பது ஆண்டுகள் இங்கே வாழ்ந்தபின், 1987-இல் நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம், 21-ஆம் பிரிவு அவருக்கும் உண்டு, ஆனால் இங்கே குடியிருக்கும் உரிமை கிடையாது, வெளியேற்றுவது அரசின் முழு அதிகாரம் என்று தீர்ப்பளித்தது. உயிரைக் காப்போம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் அனுப்புவோம் என்ற இந்த நிலைதான் லோத்குண்டாவில் அறை தேடும் மாணவரை வாய் மூடவைக்கிறது.

இன்னொரு கதவும் அடைத்தே கிடக்கிறது. லஞ்சத்தை எதிர்க்க நம்மிடம் உள்ள எளிய ஆயுதமான 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதன் வாசகப்படி, குடிமக்களுக்கே அந்த உரிமையைத் தருகிறது. ‘என் விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறது’ என்று பத்து ரூபாய் கட்டி நாம் கேட்கலாம். வெளிநாட்டவர் அதை உரிமையாகக் கேட்க முடியாது. ஓட்டு இல்லாததால் கவுன்சிலரும் எம்.எல்.ஏ.வும் அவரைத் திரும்பிப் பார்க்கக் காரணமில்லை. டிரான்ஸ்பரன்ஸி இன்டர்நேஷனலின் 2024 ஊழல் உணர்வுக் குறியீட்டில் இந்தியா 100-க்கு 38 மதிப்பெண்ணோடு 180 நாடுகளில் 96-வது இடத்தில் இருந்தது. நம்மையே அலைக்கழிக்கும் ஓர் அமைப்பில், கேள்வி கேட்கும் உரிமையும் இல்லாதவர் படும் பாடு எப்படி இருக்கும்?

தமிழர்களுக்கு இது புதிய கதை இல்லை. வளைகுடாவில் முதலாளியிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு, சம்பளம் வராதபோதும் வாய் திறக்கப் பயந்த பிள்ளைகள் எத்தனை பேர்! தமிழ்நாட்டிலேயே 1983 முதல் வந்துசேர்ந்த ஈழத் தமிழர்கள், முகாம் ஆஜர் பதிவும் போலீஸின் கியூ பிரிவு விசாரணையுமாகப் பல பத்தாண்டுகளைக் கழித்தார்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களை, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025-இன் விலக்கு ஆணை விடுவித்திருக்கிறது. தாமதமாக வந்தாலும் பெரிய ஆறுதல்.

என்ன செய்யலாம்?

புகாரையும் விசாவையும் பிரிக்க வேண்டும். தாக்கப்பட்டதாகவோ லஞ்சம் கேட்டதாகவோ ஒரு வெளிநாட்டவர் புகார் தந்தால், அந்த விசாரணை முடியும்வரை அவருடைய விசாக் குறையைக் காரணம்காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு போடலாம். முன்னுதாரணம் இருக்கிறது. குற்றத்துக்கு ஆளாகி, விசாரணைக்கு ஒத்துழைக்கும் வெளிநாட்டவருக்காகவே அமெரிக்கா 2000-இல் ‘யு விசா’வை உருவாக்கியது. ஆண்டுக்கு 10,000 பேர் என்ற உச்சவரம்பால் காத்திருப்பு பல ஆண்டுகள் நீள்கிறது. ஆனாலும் புகார் கொடுப்பவரை நாடு கடத்தப் போவதில்லை என்ற செய்தி அதில் இருக்கிறது.

துணை இருந்தால் வெளிநாட்டவரும் பேசுவார் என்பதற்கு ஹைதராபாத்திலேயே சான்று உண்டு. 2022 டிசம்பரில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் தாய்லாந்து மாணவி ஒருவர் பேராசிரியர்மீது பாலியல் புகார் சொன்னபோது, சக மாணவர்கள் பிரதான வாயிலில் திரண்டார்கள். பேராசிரியர் கைதானார், சஸ்பெண்டும் ஆனார்.

உள்துறை அமைச்சகத்தின் அப்படியோர் உத்தரவு வரும்வரை இப்போதுள்ள வழிகளாவது தெரிந்திருக்க வேண்டும். அவசரத்துக்கு 112. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ போடலாம்; நகலை இலவசமாகத் தர வேண்டும். மாநில ஊழியர் லஞ்சம் கேட்டால் தெலங்கானா ஊழல் தடுப்புப் பிரிவின் எண் 1064. எஃப்.ஆர்.ஆர்.ஓ. மத்திய அரசு அலுவலகம் என்பதால், அங்கே நடப்பது பற்றி சி.பி.ஐ.யிடம் போகலாம். கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்துவிட்டாலும், ஏழு நாளுக்குள் தெரிவித்துவிட்டால் கொடுத்தவர்மீது குற்றமில்லை என்கிறது 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம். எட்டாவது நாளில் அவரும் குற்றவாளி ஆகலாம். கைதானால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமையை 1963-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தருகிறது. பாகிஸ்தானில் கைதான குல்பூஷண் ஜாதவுக்காக இந்தியா சர்வதேச நீதிமன்றத்தில் வாதாடி 2019-இல் வென்றது இதே உரிமையை வைத்துத்தான்.

வீட்டு உரிமையாளர்கள் செய்ய வேண்டியது சிறிய வேலை. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள், 24 மணி நேரத்துக்குள் ஃபார்ம் சி பதியுங்கள், அதன் நகலைக் குடியிருப்பவர் கையில் கொடுங்கள். பதியாமல் விட்டால் சட்டம் உங்கள்மீதும் பாயும். பதிந்து நகலைக் கொடுத்துவிட்டால், முகவரிச் சான்று இல்லை என்று சொல்லி அவரிடம் யாரும் பணம் கேட்க முடியாது.